அப்டேட்டுக்குப் பிறகு தராசு எடை அனுப்பவில்லை: முதுநகர் மளிகைக் கடையில் ஒரு யூ.எஸ்.பி. பழுது

கடலூர் முதுநகரில், துறைமுகம் போகும் சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி, எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரின் மளிகைக் கடை. முந்திரி, பருப்பு, மிளகாய் எல்லாம் சில்லறையில் எடை போட்டு விற்கிற கடை. தராசில் வைத்த எடை நேராகப் பில்லிங் மென்பொருளுக்குள் போய்விடும். பாக்கெட் சாமான்களுக்கு பார்கோடு ரீடர், பில் அடிக்க தெர்மல் பிரிண்டர். மூன்றும் யூ.எஸ்.பி.யில்தான் ஓடுகின்றன.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்ட அண்ணன், மழை பிடித்த பிறகு ஒரு ராத்திரி விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லி அழுத்திவிட்டு ஷட்டரை இறக்கிக்கொண்டு போயிருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் மூன்றும் வேலை செய்யவில்லை.

"அப்டேட்டு போட்டதுல இருந்து எல்லாம் செத்துப் போச்சு தம்பி. பழையபடி பத்துக்கே மாத்திக் குடுத்துடு" என்றார் போனில்.

மூன்றும் ஒரே காலையில் நின்றால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். இங்கே மூன்றுக்கும் வேறு வேறு காரணம். அப்டேட் நேரடியாகக் கெடுத்தது தராசை மட்டும்தான். மற்ற இரண்டில் ஒன்று ஏற்கெனவே நோயாளி. இன்னொன்றுக்கு நோயே இல்லை, முகவரிதான் மாறியிருந்தது.

அப்டேட்டைச் சந்தேகப்படுவது தப்பில்லை. 2018 பிப்ரவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி4074588 என்ற அப்டேட்டைப் போட்ட சில கம்ப்யூட்டர்களில் யூ.எஸ்.பி. சாதனங்களும் லேப்டாப்பின் சொந்தக் கேமரா, கீபோர்டும்கூட நின்றுபோயின. மார்ச் 5-ஆம் தேதி கேபி4090913 வந்துதான் அது தீர்ந்தது. 2025 ஜனவரி அப்டேட்டுக்குப் பிறகு யூ.எஸ்.பி. ஆடியோ பெட்டிகள் சில, கோடு 10 (சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்ற பிழை எண்) காட்டிப் படுத்துக்கொண்டன. அதனால் எந்த அப்டேட் ஏறியிருக்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குத் தெரிந்த கோளாறு ஏதாவது அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவேன். எல்லோருக்கும் வந்த கோளாறு என்றால் நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருக்கலாம். இந்தக் கடைக்குப் பொருந்துகிற மாதிரி எதுவும் இல்லை.

பழைய விண்டோஸுக்கே திரும்புவதும் ஒரு வழிதான். மாறிய 10 நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதியில் 'கோ பேக்' இருக்கும். நான் அதைத் தொடவில்லை. ஆதரவு முடிந்த விண்டோஸில் ஒரு கடையின் கணக்கை வைத்திருக்க எனக்கு மனசில்லை. அதோடு, பாதியில் ஏதாவது இசகுபிசகானால் ரிக்கவரி திரைக்குள், அதாவது விண்டோஸ் எழாதபோது பழுது பார்க்க வரும் தனித் திரைக்குள், நுழைந்து பார்க்க வேண்டியிருக்கும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 11-க்கு வந்த கேபி5066835 அந்தத் திரையில்தான் கைவைத்தது. விண்டோஸுக்குள் கீபோர்டும் மௌஸும் ஒழுங்காக ஓடும். ரிக்கவரி திரைக்குப் போனால் யூ.எஸ்.பி.யில் மாட்டிய எதுவும் அசையாது. தீபாவளி அன்றைக்கே, அக்டோபர் 20-ல், கேபி5070773 என்று தனியாக ஒன்றை விட்டுச் சரிசெய்தார்கள். அது முடிந்த கதை என்றாலும், உருண்டைப் பின் வைத்த பழைய பி.எஸ்.2 கீபோர்டு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். பின்பக்கம் அந்த உருண்டை ஓட்டை உள்ள சிஸ்டம் என்றால், யூ.எஸ்.பி. மொத்தமும் படுத்தாலும் அது வேலை செய்யும்.

போனதும் செய்த முதல் வேலை, எல்லா கேபிள்களையும் பிடுங்கிவிட்டு, சிஸ்டத்தை அணைத்து, சுவர் சுவிட்சையும் யூ.பி.எஸ்.ஸையும் நிறுத்தியது. சும்மா ஷட் டவுன் கொடுத்தால் போதாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் உள்ளே இருக்கிற நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாக எழுவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான், அல்லது ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால்தான். டெஸ்க்டாப் அணைந்திருந்தாலும் பல போர்டுகளில் யூ.எஸ்.பி. துளைகளில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் சுவர் சுவிட்ச். பாதிப் பழுதுகள் இதிலேயே தீர்ந்துவிடும். இங்கே ஒன்றும் தீரவில்லை.

சரி, டிவைஸ் மேனேஜர், கம்ப்யூட்டரில் மாட்டிய சாதனங்களின் பட்டியல். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும். 'வியூ' மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு சாதனமாகச் சொருகிப் பார்த்தேன். மூன்றையும் மாட்டிவைத்துக்கொண்டு தேடினால் எது எதன் கோளாறு என்று புரியாது.

பார்கோடு ரீடரை அதன் வழக்கமான இடத்தில், கேபினட்டின் முன்பக்கத் துளையில் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் 'அன்நோன் யூ.எஸ்.பி. டிவைஸ்', கோடு 43.

"லைட்டு எரியுதே, அப்ப ரீடர் நல்லாத்தானே இருக்கு?" என்றார் பில் போடும் அக்கா. இந்த விளக்கை நம்பித்தான் பலர் டிரைவரை, சாதனத்தோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளை, தேடி அலைகிறார்கள். யூ.எஸ்.பி. முனைக்குள் நான்கு தகடுகள் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் கரண்டுக்கு, நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. ஓரத் தகடுகள் கொஞ்சம் நீளம், முதலில் தொடுவது அவைதான். ஆகவே நடுத் தகடுகள் சரியாகத் தொடாவிட்டாலும் விளக்கு ஜோராக எரியும்.

'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் ஹார்ட்வேர் ஐ.டி.யைப் பார்த்தேன். வி.ஐ.டி. 0000, பி.ஐ.டி. 0002. எந்த யூ.எஸ்.பி. சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண் ஒன்று, பொருள் எண் ஒன்று உண்டு. சொருகியதும் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கும், சாதனம் அந்த எண்களைச் சொல்லும், அதைப் பார்த்துத்தான் எந்த டிரைவர் என்று முடிவாகும். தயாரிப்பாளர் எண் முழுக்கப் பூஜ்யம் என்றால் கேள்விக்கே பதில் வரவில்லை. டிரைவர் என்ற பேச்சு அதற்கப்புறம்தான். இந்த நிலையில் டிரைவரை எத்தனை முறை ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை. வயர், துளை, சாதனம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

அதே ரீடரைப் பின்பக்கத் துளையில் சொருகியதும் எழுந்துவிட்டது. நோட்பேடைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினால் 890 என்று தொடங்கும் 13 இலக்கமும் விழுந்து கர்சர் அடுத்த வரிக்குப் போனது. கம்ப்யூட்டருக்கு பார்கோடு ரீடர் ஒரு கீபோர்டு மாதிரிதான், எண்களைத் தட்டிவிட்டு என்டரும் தட்டும். தனி டிரைவர் எதுவும் கேட்காது. அதனால் ரீடர் நின்றால் நான் அப்டேட்டைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன்.

முன்பக்கத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுத் தகடுகள் இரண்டிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, வெளிச் சட்டத்தில் துரு. உப்பனாறும் கடலும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில், வாசலைப் பார்த்து வைத்த கேபினட்டின் முன்பக்கம் வேறு எப்படி இருக்கும்? சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட சின்ன பிரஷ்ஷால் தேய்த்தேன். பச்சை கொஞ்சம் வந்தது, தகட்டின் மேல்பூச்சு ஏற்கெனவே போய்விட்டது. பிளேடால் சுரண்டுகிறவர்கள் உண்டு. மிச்சமிருக்கிற பூச்சும் போய் அடுத்த மழையிலேயே மறுபடி பச்சை பூக்கும். தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பது அதைவிட மோசம். மளிகைக் கடைத் தூசியில் அது களியாகிவிடும். முன்பக்கப் பேனலை மாற்றுவதுதான் வழி என்று சொல்லிவிட்டு, ரீடரைப் பின்பக்கத்திலேயே விட்டேன்.

நேற்றுவரை அதே துளையில் எப்படி ஓடியது? இந்தக் கடையில் சிஸ்டத்தை அணைப்பதே இல்லை. யூ.பி.எஸ். இருக்கிறது, ராத்திரி ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போவார்கள். எப்போதோ ஒருமுறை "நீ யார்" கேட்டுப் பதில் வாங்கிய ரீடரை அதற்குப் பிறகு யாரும் புதிதாகக் கேட்கவில்லை. விண்டோஸ் மாறும்போது சிஸ்டம் பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், ஒவ்வொரு முறையும் எல்லாச் சாதனத்தையும் முதலிலிருந்து விசாரிக்கும். களிம்பு அன்று வந்ததில்லை. விசாரணை அன்று நடந்தது.

பிரிண்டர் கதை சின்னது. டிவைஸ் மேனேஜரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பில் கொடுத்தால் வரிசையில் போய் நின்றுவிடுகிறது. பிரிண்டர் பட்டியலில் அதே பெயரில் இரண்டு இருந்தன, ஒன்றின் பின்னால் 'காபி 1'. பில்லிங் மென்பொருள் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் யூ.எஸ்.பி.001 என்ற போர்ட்டைப் பார்த்தபடி இருந்தது, பிரிண்டரோ புது விண்டோஸில் யூ.எஸ்.பி.002-ல் போய் உட்கார்ந்துவிட்டது. பழைய பெயரின் 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' பக்கத்தில் 002-ஐ டிக் செய்து, தேங்கிய பில்களை அழித்தேன். உடனே அடித்தது. காபியை நீக்கியாயிற்று. டிரைவரைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை.

இனி தராசு. வேலை வாங்கியது இதுதான்.

தராசுக்கு யூ.எஸ்.பி. கிடையாது. பின்னால் ஒன்பது பின் வைத்த சீரியல் போர்ட், 1960-ல் வந்த ஆர்.எஸ்.232 முறை. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு யூ.எஸ்.பி. டு சீரியல் கேபிள் ஒன்று. இந்தக் கேபிளின் முனைக்குள் ஒரு சிப் இருக்கும், டிரைவர் தேவைப்படுவது அந்த சிப்புக்கு. தராசைப் பிரித்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட்டு ஈயக் குண்டு வைத்திருக்கிறார்கள். அதை அறுத்தால் கேபிளைவிடப் பெரிய வம்பு.

கேபிளைச் சொருகியதும் போர்ட்ஸ் பட்டியலில் மஞ்சள் முக்கோணத்தோடு வந்தது, கோடு 10. ஹார்ட்வேர் ஐ.டி. 067பி, 2303. ரீடரைப் போல ஊமை இல்லை, யார் என்று சரியாகவே சொல்கிறது. துளையும் வயரும் நன்றாக இருக்கின்றன, தகராறு டிரைவரோடுதான். அதை டிரைவரே எழுதியும் வைத்திருந்தது: சாதனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில், இந்த பி.எல்.2303 எச்.எக்ஸ்.ஏ. சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்பு கொள்ளவும் என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. கேபிள் சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலிருந்து யாரோ எப்போதோ வாங்கி வந்தது. விற்றவரை எங்கே போய்த் தேட?

அந்த சிப் உலகம் முழுக்க ஓடியது, அதன் காபிகளும், அதாவது போலிகளும், அதே அளவுக்கு ஓடின. புதிய டிரைவர்கள் பழைய சிப்பையும் காபியையும் கண்டால் வேலை செய்ய மறுக்கும்படி எழுதப்பட்டவை. விண்டோஸ் 10-ல் யாரோ பழைய டிரைவரைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், 11-க்கு மாறியதும் புதிய டிரைவர் தானாக வந்து அமர்ந்துகொண்டது. இது முதல் முறையும் இல்லை. 2014-ல், இதே வேலை செய்யும் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்துச் சிப்புகளின் காபிகளுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஒரு டிரைவர் வந்தது. அது காபி சிப்பின் பொருள் எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். அதன் பிறகு வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அடையாளம் தெரியாது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதோடு ஒப்பிட்டால் 'வேலை செய்ய மாட்டேன்' என்று எழுதிக் காட்டுகிற டிரைவர் நாகரிகமானதுதான்.

இது அப்டேட் செய்த மாற்றம்தானா என்று உறுதிப்படுத்த இரண்டு இடம் பார்த்தேன். ஒன்று, சாதனத்தின் 'ஈவென்ட்ஸ்' பக்கம்: எந்தத் தேதி, மணிக்கு எந்த டிரைவர் ஏறியது என்று வரிசையாக இருக்கும். இன்னொன்று, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐ.என்.எஃப். ஃபோல்டரில் 'செட்டப்ஏபிஐ.டெவ்' என்று தொடங்கும் லாக் ஃபைல். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. இரண்டிலும் புதிய டிரைவர் ஏறிய நேரம், அண்ணன் ஷட்டரை இறக்கிப் போன அந்த ராத்திரிதான்.

அன்றைக்குக் கடை ஓட வேண்டுமே. 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கம்ப்யூட்டரிலேயே தேடு, இருக்கிற பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வழியில் போனால் ஏற்கெனவே உள்ள டிரைவர்கள் பதிப்பு எண்ணோடு வரும். 2008-ஆம் ஆண்டுத் தேதியோடு 3.3.2.105 இன்னும் அங்கே இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. பட்டியலில் இல்லாதிருந்தால் வெளியே தேட வேண்டியிருக்கும். 'இலவச டிரைவர்' என்று விளம்பரத்தோடு வரும் தளங்களில் எடுக்கவே கூடாது, டிரைவரோடு என்னென்னவோ சேர்ந்து வரும். பழைய டிரைவர் சில கம்ப்யூட்டர்களில் கோடு 39 காட்டி ஏறவே மறுப்பதும் உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மெமரி இன்டெக்ரிட்டி' இயங்கினால் பொருந்தாத பழைய டிரைவர்களை அது தடுக்கும். அந்தக் காவலை அணைத்துவிட்டு ஓட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

2008 டிரைவர் தற்காலிகம்தான். அடுத்த அப்டேட் மறுபடி புதியதைக் கொண்டுவந்து வைத்துவிடும். அதனால் சி.எச்.340 சிப் வைத்த வேறு கேபிள் வாங்கிவரச் சொன்னேன், சில நூறு ரூபாய்தான். 1ஏ86, 7523 என்று அடையாளம் காட்டியது, டிரைவரை விண்டோஸே எடுத்துக்கொண்டது.

தராசில் மாட்டுவதற்கு முன்னால் கேபிளை மட்டும் சோதிக்க ஒரு வழி உண்டு, இதைத் தெரிந்துவைத்திருந்தால் பல மணி நேரம் மிச்சம். ஒன்பது பின் முனையில் 2-ஆம் பின் கேட்பது, 3-ஆம் பின் பேசுவது. நிமிர்த்திய ஜெம் கிளிப்பால் இரண்டையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு, புட்டி மென்பொருளில் அந்த காம் போர்ட்டை (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுக்கும் பெயர்) திறந்து எதையாவது தட்டினால் அதுவே திரையில் திரும்பி வரும். கிளிப்பை எடுத்தால் நின்றுவிடும். அக்கா ஆர்வமாக வந்து தன் பெயரை ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தார், எழுத்து எழுத்தாக வந்தது. அப்படியானால் டிரைவர், சிப், கேபிள் மூன்றும் சரி. இதற்கு மேல் கோளாறு இருந்தால் தராசுப் பக்கமோ மென்பொருள் பக்கமோதான்.

பிறகு தராசை மாட்டி, வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்று வைத்தேன். திரையில் 0.000 என்று வரிசையாக ஓடத் தொடங்கியது. கால் கிலோ முந்திரிப் பொட்டலம் ஒன்றைத் தட்டில் வைத்ததும் எண்கள் தடுமாறி ஏறி 0.252-ல் நின்றன, கவர் எடையும் சேர்த்து. வேகத்தைத் தப்பாக வைத்தால் எண்களுக்குப் பதில் கோணல்மாணலான எழுத்துகள் கொட்டும். அது கேபிள் கோளாறு இல்லை, அமைப்பை மாற்றினால் போதும்.

ஆனாலும் பில்லிங்கில் எடை வரவில்லை. மென்பொருள் காம் 3-ஐக் கேட்கிறது, புதுக் கேபிளுக்கு விண்டோஸ் கொடுத்ததோ காம் 6. மென்பொருளில் 1 முதல் 4 வரைதான் தேர்ந்தெடுக்க முடியும், அந்தக் காலத்து ஆள். 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய் 3 என்று மாற்றப் பார்த்தால், அது பயன்பாட்டில் இருக்கிறது என்றது. பிடித்துக்கொண்டிருந்தது கழற்றிப்போட்ட பழைய கேபிள். மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னதால் மங்கலாகத் தெரிந்தது. அதை அன்இன்ஸ்டால் செய்து, டிரைவரையும் சேர்த்து நீக்கு என்ற டிக்கையும் போட்டு அனுப்பினேன். காம் 3 காலியானது, புதுக் கேபிளுக்குக் கொடுத்தேன். எடை பில்லில் விழுந்தது.

இந்த வகைக் கேபிள்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த வரிசை எண் கிடையாது. அதனால் விண்டோஸ் அவற்றை எந்தத் துளையில் இருக்கிறது என்பதை வைத்தே நினைவில் கொள்ளும். துடைக்கும்போது கழற்றி வேறு துளையில் சொருகினால் புது ஆளாகப் பதிந்து வேறு காம் எண் கொடுத்துவிடும். அப்டேட்டே நடக்காத நாளிலும் "தராசு போச்சு" என்று போன் வருவதற்கு இது பெரிய காரணம். பின்பக்கத் துளைகளுக்குப் பக்கத்தில் தராசு, ரீடர், பிரிண்டர் என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி அழைத்தார்கள். காலையில் சரியாக இருக்கிறதாம், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தால் தராசு பதில் சொல்வதில்லையாம். கேபிளைப் பிடுங்கிச் சொருகினால் சரியாகிவிடுகிறதாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு நிற்கிறது என்றாலே மின்சேமிப்பைப் பார்க்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்'பிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன். பவர் ஆப்ஷன்ஸில் 'யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் டிசேபிள் செய்தேன். பேட்டரியில் ஓடும் லேப்டாப் என்றால் யோசிக்கலாம், எந்நேரமும் கரண்டில் இருக்கும் பில்லிங் சிஸ்டத்துக்கு இந்த மிச்சம் தேவையில்லை.

அடுத்த மாத அப்டேட் வழக்கம்போல இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகி, நமக்கு புதன்கிழமை வந்தது. இந்த முறை அண்ணன் ராத்திரி போடவில்லை, நான் இருக்கும்போது பகலில் போட்டார். தராசு காம் 3-லேயே இருந்தது, பிரிண்டர் 002-லேயே இருந்தது, ரீடர் முதல் பாக்கெட்டிலேயே படித்தது. முன்பக்கப் பேனல் மட்டும் இன்னும் மாற்றவில்லை. அந்த இரண்டு துளைகளையும் இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடியிருக்கிறார்கள். போனுக்கு சார்ஜ் போட மட்டும் பையன் அவ்வப்போது டேப்பைக் கிழிக்கிறான் என்று அக்கா சொன்னார்.